மூடும்போது பெயர் சொல்ல வேண்டுமா?

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அங்கே சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மற்றபடி, தங்கள் மகனும் என் மகளும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்வதில்லை. பதறாதீர்கள். நகை இல்லை, நட்டு இல்லை, மாமியார் சொன்னது நாத்தனார் சொன்னது எதுவும் இல்லை. ஒரு கணினி மொழியில் திறந்ததை மூடும்போது அதன் பெயரை இன்னொரு முறை சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் தகராறு.

எனக்குப் புரிந்த அளவில் விளக்குகிறேன். கணினிக்கு ஒரு தகவலைக் கொடுக்கும்போது இது பெயர், இது முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட வேண்டுமாம். ‘முகவரி’ என்று திறந்து, முகவரியை எழுதி, ‘முகவரி முடிந்தது’ என்று மூட வேண்டும். அதற்குள் தெரு, தெருவுக்குள் கதவு எண் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். இந்த மொழி வரவர ஊதிப் பெருத்துவிட்டதாம். அதை இளைக்கவைக்க ஒரு குழு. நம் பிள்ளைகள் இருவரும் சந்தித்து, மனம் ஒத்து, நம்மைச் சம்பந்திகள் ஆக்கியதே அந்தக் குழுவில்தான். இப்போது என் மகள், “மூடும்போது பேரு எதுக்கு? மூடுன்னா மூடிட்டுப் போக வேண்டியதுதானே” என்கிறாள். மாப்பிள்ளையோ, “அஞ்சாறு சேர்ந்து வந்தா எதை மூடினோம்னு யாருக்குத் தெரியும்?” என்கிறார். வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. தோற்றவர் குழுவை விட்டே விலகிவிடுவதாக இருவரும் சபதம் போட்டிருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, சம்பந்தி. இந்த வீட்டில் அவர்கள் சிரித்துப் பேசியதெல்லாம் இந்த வேலையைப் பற்றித்தான். அதில் ஒருவர் இருந்து ஒருவர் இல்லையென்றால், பிறகு சாப்பாட்டு மேசையில் எதைப் பேசுவார்கள்?

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆயுள் முழுக்க அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவனுக்கு எழுத்தைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார், கணினி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். தெரு என்று ஒரு முறை, கொஞ்சம் தள்ளி மறுபடியும் தெரு. நகரம், மறுபடியும் நகரம். யாரோ அச்சுக் கோர்ப்பவர் தூக்கக் கலக்கத்தில் செய்ததுபோல் பக்கம் முழுக்க ஒரே இரட்டிப்பு. இரண்டாவதாக வந்ததையெல்லாம் பொறுமையாக அழித்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு எழுந்து வந்தேன். மாப்பிள்ளை வந்து பார்த்தால் ஒன்றும் ஓடவில்லை. உடனே ஒப்புக்கொண்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தால், மாப்பிள்ளை சுவரைப் பார்த்து, “மாமா, பேரை எடுத்தா என்ன ஆகும்னு இப்பவாவது புரியுதான்னு உங்க பொண்ணுகிட்ட கேளுங்க” என்றார். அவள் ஜன்னலைப் பார்த்து, “ஒரு மெய்ப்புத் திருத்துறவர் கண்ணுக்கே அது தேவையில்லைன்னு பட்டிருக்குன்னு உங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்கப்பா” என்றாள். நான் இருவருக்கும் சாட்சி ஆனதுதான் மிச்சம்.

சரி, யார் பக்கம் நியாயம் என்று நாமே சோதித்துப் பார்ப்போம் என்று தோன்றியது. சமையலறை டப்பாக்களில் ஒரு வரிசைக்கு உடம்பில் மட்டும் பெயர் ஒட்டினேன்; இன்னொரு வரிசைக்கு மூடியிலும் சேர்த்து ஒட்டினேன். துடைக்க எடுத்தபோது மூடிகள் மாறிவிட்டன. உடம்பு சர்க்கரை என்கிறது, மூடி உப்பு என்கிறது. அதை என் மனைவி கவனிப்பதற்குள் நான் மூடியை நம்பித் தேநீர் போட்டுவிட்டேன். இருவரும் ஒரு வாய் குடித்தார்கள். முகம் இரண்டும் ஒரே மாதிரி கோணியது. ஆனால் யார் முதலில் வாயைத் திறந்தாலும் தோற்றதாக ஆகிவிடும் அல்லவா? கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். என் மனைவி மட்டும், “பேரு சொல்லி மூடுங்க, சொல்லாம மூடுங்க, முதல்ல இந்தச் சமையல்கட்டை விட்டு வெளியே போங்க” என்றாள்.

இதற்கு நடுவில் அந்த மொழியின் மேல் எனக்கே ஓர் ஆசை வந்துவிட்டது. அதில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது, சம்பந்தி. தகவலுக்கு நடுவே மனிதர் படிப்பதற்காக மட்டும் குறிப்பு எழுதலாம். இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். ‘இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது, யாரும் கை வைக்காதீர்கள்’ என்று ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருக்கிறார். அச்சுத்தாளின் ஓரத்தில் நான் எழுதாத குறிப்பா! ஆசைக்கு நானும் மாப்பிள்ளையின் கோப்பில், ‘சாப்பாடு ஆறுகிறது, இருவரும் வரவும்’ என்று ஒன்று எழுதினேன். இயந்திரம் மட்டுமா, அவர்களும் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆகவே தாங்கள் வெள்ளிக்கு முன் வந்து, பெரியவராக நின்று, யார் பக்கமும் சாயாமல் இருவரையும் சேர்த்துவைக்க வேண்டும். தங்கள் பேச்சை இருவரும் தட்டமாட்டார்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகளுக்குத் தங்கள் ஆசீர்வாதம் என்றும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சமாதானம் ஆகிவிட்டதாம். பெயர் சொல்லியும் மூடலாம், சொல்லாமலும் மூடலாம் என்று இருவரும் சேர்ந்தே குழுவில் முன்மொழியப் போகிறார்களாம். இதனால் மொழி இன்னும் பெருத்துவிடுமே என்று கேட்டேன். “அதுக்குப் பதிலா அந்தக் குறிப்பு எழுதுற வசதியைத் தூக்கிடறோம் மாமா, கண்டவங்களும் கண்டதையும் எழுதறாங்க” என்றார் மாப்பிள்ளை. “ஆமாப்பா, அதனால யாருக்கு என்ன நஷ்டம்?” என்றாள் மகள். நான் இருவருடனும் பேசுவதை நிறுத்திவிட்டேன். எனவே தாங்கள் வரத்தான் வேண்டும். ஆனால் நடுநிலையாக எல்லாம் வர வேண்டாம்.