ஏணைக்கு எதற்குப் பாய்?

எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதை நான் முப்பத்தோராவது வயதில், ஒரு ஜனவரி மாத அதிகாலையில், நுவரெலியாப் பக்கத்து மலைச்சரிவொன்றில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அது சட்டை மாட்டும் இடம் என்ற அளவில்தான் பழக்கம்.

வீட்டில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் நாங்கள் வியாழக்கிழமை புறப்பட்டதாகச் சொல்வார்கள். அது தவறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு பஸ் ஏறினோம். இரவைப் பதுளையில் கழித்து, சனிக்கிழமை பின்னேரம் மலையில் ஏணை கட்டினோம். நாட்குறிப்பில் இருக்கிறது. (மற்ற எல்லாவற்றையும் அவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் கவலை.)

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மருதமுனைக்காரனான நான் சாய்ந்தமருதில் மனைவி சபானாவின் வீட்டுக்குப் போய் அப்போது ஏழு மாதம். புது மாப்பிள்ளை என்பதால் மீனின் நடுத்துண்டு எனக்கு, காற்றாடிக்கு நேரான கதிரை எனக்கு. மாமி என்னிடம் உரத்துக் கதைத்ததில்லை. நானும் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அந்த வீட்டில் நான் முதன்முதலாகக் கேட்டது மாமியின் ஒரே மகனை.

சபானாவின் தம்பி றிஸ்விக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கல்முனை பஸாரில் கைபேசி திருத்துபவன். சிறு வயதிலிருந்தே இழுப்பு. மாரி மழை தொடங்கினால் அவன் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது அடுத்த அறைக்குக் கேட்கும். குளிர்மலையில் இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு உறங்கும் ஆட்களை நான் கைபேசியில் பார்த்து, அதைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்து, அவனுக்கும் ஆசை காட்டியிருந்தேன்.

அவனை மலைக்கு அனுப்பும்படி மாமியிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்.

“மருமகன், இவனுக்கு இழுத்தா அங்க என்ன செய்வீங்க?”

“இழுக்காது மாமி. எல்லாம் எழுதி வெச்சிரிக்கன். உங்கட மகன் போன மாதிரியே வருவான். பொறுப்பு என்ட.”

எழுதித்தான் வைத்திருந்தேன். இருபத்திரண்டு பக்கம். ‘சூட்டைத் தருவது துணியல்ல, துணிக்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று’ என்ற வசனம் ஐந்தாம் பக்கத்தில் சிவப்புக் கோடிட்டு இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

ஏணை என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்குக் கட்டும் சீலைத் தொட்டில். பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. கழித்த மீன்வலையை மடித்துத் தென்னைகளுக்கு நடுவே கட்டிவிட்டு, லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு ஏறிப் படுப்பது. ஒலுவில் துறைமுகத்தில் படகு வைத்திருக்கும் கூட்டாளி ஒருவன் எனக்கு அப்படி இரண்டு முடைந்து தந்தான். வேர்த்த முதுகுக்கு அடியிலிருந்து கடற்காற்று ஏறும் சுகமே அந்த வலையின் நோக்கம். காற்று வாங்குவதற்கென்றே செய்த அந்தச் சாமானைச் சுருட்டிக்கொண்டு நான் குளிருக்குள் போனேன்.

புறப்படும் காலையில் மாமி கோரையில் இழைத்த இரண்டு பன்பாய்களைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டாக மடித்து, மடிப்புக்குள் பழைய சேலைகளைப் பரப்பி, விளிம்பைச் சாக்கு ஊசியால் தைத்திருந்தார். இரண்டு இரவு வேலை அது.

“இதெதுக்கு மாமி? ஏணைக்குப் பாய் போடுற ஆக்களக் கண்டிரிக்கீங்களா?” என்று சிரித்தேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவரைப் பார்த்து அப்படிச் சிரித்தேன். அவர் ஒரு பாயைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மற்றதை றிஸ்வி தன் பையில் கட்டினான்.

“சுமந்து சாகப் போறாய்,” என்றேன்.

“உம்மா தந்தது மச்சான். கிடக்கட்டும்.”

மலையில் பின்னேரம் ஐந்து மணிக்கே வாயிலிருந்து புகை வந்தது. (நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் சும்மா ஊதி ஊதிப் பார்த்தோம்.) முகாம் இடத்துக்காரர் மூட்டித் தந்த நெருப்பில் தேநீர் குடித்து, இஷா தொழுது, பைன் மரங்களில் கட்டிய வலைகளில் ஏறினோம். ஆளுக்கு மூன்று போர்வை. என்னுடையவற்றில் ஒன்றைக் கீழே விரித்தேன், இரண்டை மேலே போர்த்தினேன். றிஸ்வி பாயை விரித்து அதன்மேல் படுத்தான். ஐந்து நிமிடத்தில் உறங்கிவிட்டான்.

நான் உறங்கக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். அரை மணிக்கு ஒரு தடவை அவன் மூச்சைக் கவனித்துக் குறிக்க வேண்டும். நாட்குறிப்பு இப்படிப் போகிறது: ‘10.30 சத்தம் இல்லை. 11.00 சத்தம் இல்லை. 11.30 சத்தம் இல்லை. முதுகு குளிர்கிறது. 12.00 முதுகு.’

கீழே விரித்த போர்வை என் பாரத்தில் நசுங்கிக் காகிதமாகியிருந்தது. அதற்குள் அகப்பட்ட காற்று என்று எதுவும் மிச்சமில்லை. வலைக்கண் வழியே மலையின் காற்று முழுவதும் என் முதுகெலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது. மேலே இரண்டு போர்வை, காதுவரை தொப்பி, நெஞ்சு நல்ல சூடு. நான் பாதி வெந்து பாதி உறைந்த ஒரு புதிய பதார்த்தமாகக் கிடந்தேன். எனக்கே இப்படியென்றால் அவனுக்கு எப்படியிருக்கும் என்று பயந்து, ஒரு மணிக்கு இறங்கிப் போய் மேலிருந்த ஒரு போர்வையை அவன்மேல் போட்டேன். அவன் உறக்கத்திலேயே அதை உதைத்துத் தள்ளினான். குளிரில் கைகால் உதறுகிறது என்று நினைத்து மறுபடி போட்டேன்.

மூன்று நாற்பதுக்கு அது கேட்டது. மெல்லிய விசில். இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் சத்தம். மாரி தொடங்கியதிலிருந்து அடுத்த அறையில் கேட்ட அதே சத்தம்.

வலையிலிருந்து இறங்கவில்லை, விழுந்தேன். இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடி, அவன் தலையைத் தூக்கி வாய்க்குள் திணித்தேன். மாமியின் முகம் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

“மச்சான், என்ன செய்றீங்க?”

“உனக்கு இழுக்குதுடா. ஊதுறன், உள்ளுக்கு எடு.”

அவன் எழுந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டான்.

“கொஞ்சம் மூச்சப் புடிங்க பாப்பம்.”

“உன்ட மூச்சா?”

“உங்கட மூச்ச.”

பிடித்தேன். விசில் நின்றது. விட்டேன். விசில் வந்தது.

“எனக்கில்ல மச்சான், உங்களுக்குத்தான்,” என்றான். அவன் கழுத்தில் வேர்வை இருந்தது.

என்னைத் தன் ஏணையில் ஏற்றிப் பாயில் படுக்க வைத்து ஆறு போர்வையையும் போர்த்தினான். முதுகுக்குக் கீழே முதன்முதலாகக் காற்று நின்றது. கோரைக்கும் பழைய சேலைக்கும் நடுவே அது அசையாமல் அகப்பட்டு, மெல்லச் சூடேறியது. ஐந்தாம் பக்கத்து வசனத்துக்கு அப்போதுதான் எனக்குப் பொருள் விளங்கியது. எழுதப் படிக்கவே விருப்பமில்லாத ஒரு மனுஷி அதைச் சாக்கு ஊசியால் தைத்து என் கையில் தந்திருந்தார். நான் சிரித்துத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

“நீ எங்க படுக்கப் போறாய்?” என்று கேட்டேன்.

“நெருப்புக்குக் கிட்ட இரிக்கன். நீங்க கண்ண மூடுங்க.”

மூடினேன். அந்த வெட்கம்தான் இன்னும் ஆறவில்லை. இழுப்புக்காரனைக் குளிரில் உட்கார வைத்துவிட்டு, பொறுப்பேற்று வந்தவன் உறங்கினேன். விடிகாலை சுபஹுத் தொழுகைக்கு அவன் எழுப்பும்போது என் முதல் வேலை அவன் மூச்சைக் கேட்டதுதான். ஒன்றுமில்லை. திரும்பும் வழியெல்லாம் அவன் இருமுகிறானா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இருமியது நான்.

மாமி வாசலிலேயே மகனின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் நெற்றியைத் தொட்டார். கொதித்தது.

“மருமகன், என்ட மகன் போன மாதிரித்தான் வந்திரிக்கான்,” என்றார். “நீங்கதான் வேற மாதிரி வந்திரிக்கீங்க.”

அதற்குள் சபானா என் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். முதுகு முழுக்க வலைக்கண் பதிந்து, மீன்வலையின் மடியிலிருந்து அப்போதுதான் கழற்றிய கீரி மீன் மாதிரி இருந்ததாம். (வலைக்கண் ஒன்றை அளவெடுக்கவும் செய்தாள்.) மாமி உள்ளே போய், நான் திருப்பிக் கொடுத்த அந்தப் பாயைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். எட்டு நாள் அதில்தான் கிடந்தேன்.

நாட்குறிப்பை எனக்கு முன் சபானா திறந்துவிட்டாள். ‘12.00 முதுகு’ என்பதற்குப் பிறகு என் எழுத்து மலையைப் போலவே சரிந்து, ஒரு மணியோடு முடிகிறது. அதன் கீழே வேறு கையெழுத்து. அவள் கூடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்க வாசித்தாள்:

‘4.00 மச்சானுக்குச் சத்தம். 4.30 சத்தம் குறைவு. 5.00 சத்தம் இல்லை. முதுகு சூடு. அல்ஹம்துலில்லாஹ்.’

நான் எழுதிய இருபத்திரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. இந்த ஒரு வரி எல்லோருக்கும் மனப்பாடம். இன்றைக்கும் நான் கொஞ்சம் உரத்துத் தும்மினால், எந்த அறையில் இருந்தாலும் றிஸ்வி நேரத்தைச் சொல்லி, ‘மச்சானுக்குச் சத்தம்’ என்பான். குளிரூட்டிய பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போதும் என் பைக்குள் மாமி ஒரு பாயைக் கட்டி வைப்பார். நான் ஏன் என்று கேட்பதில்லை. ஆசனத்தில் விரித்துக்கொண்டு உட்காருவேன். பக்கத்து ஆசனத்துக்காரர் பார்ப்பார். பார்க்கட்டும்.