முன்வண்டி ஏறாமல் விட்ட கப்பல்

நடக்கப்போகும் எந்தக் காரியத்துக்கும் அது நடப்பதற்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பாலகாட் முன்வண்டி.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது பாதிரியாருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும். எங்கள் பாலகாட் இருக்கிற கோலார் தங்கவயலில் இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற எங்களுக்கெல்லாம் ஏழு மணி ரயில் போதும். அவர் மட்டும் அதற்கு முந்தைய ரயிலில் போவார். கம்பெனி கேட்டைத் திறக்க வாட்ச்மேன் வரும்போது, ஸ்டோர்கீப்பரான இவர் வாசலில் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்திருப்பார். ரயிலில் கூட வருகிறவர்கள் வைத்த ‘முன்வண்டி’ என்ற பெயர் ஊரிலும் நிலைத்துவிட்டது.

வேலூரில் ஒரு கல்யாணத்துக்கு அவர் மனைவியோடு முதல் நாள் காலையிலேயே போய் இறங்கினார். மண்டபத்தில் வேறு யாருமில்லை. சமையல்காரர் இவரைத் தன் ஆள் என்று நினைத்து ஒரு மூட்டை வெங்காயத்தை எதிரில் வைத்தார். இவரும் உரித்துக் கொடுத்தார். மறுநாள் பந்தியில் இவர் உட்கார்ந்ததும், "பரிமாற ஆளில்லாதப்போ நீ இன்னா உக்காந்துகினு இருக்கே" என்று சமையல்காரர் சத்தம் போட்டார்.

பேத்தமங்களாவில் ஒரு சொந்தக்காரர் பிழைக்க மாட்டார் என்று தகவல் வந்தது. இவர் கறுப்புப் பேன்ட்டும் வெள்ளைச் சட்டையுமாகப் போய் நின்றார். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து பார்த்து, "நான் இன்னும் போவலியேப்பா" என்றார். அதன் பிறகு நான்கு வருடம் இருந்தார். அந்த நான்கு வருடமும் முன்வண்டியோடு அவர் பேசவில்லை.

இவற்றையெல்லாம் கூட இருந்து அனுபவித்தவர் அவர் மனைவி மேரி அக்கா. எந்த ஊருக்குப் போனாலும் பூட்டிய கதவுகளைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். ஆகவே போன வருடக் கடைசியில் நாங்கள் இரண்டு தம்பதிகளும் கப்பல் பயணம் போவதென்று முடிவானபோது, அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒரு தடவையாவது எல்லாரும் போற நேரத்துக்கு நானும் போவணும்."

கப்பல் மும்பையிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி மறுநாள் கோவா போகும். பிறகு கடலில் ஒரு நாள் சுற்றிவிட்டு மும்பைக்கே திரும்பும். மூன்று மணிக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணி விமானத்தில் ஏறினால் பதினொன்றுக்கு மும்பை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்.

முன்வண்டி கேட்டார்: "தம்பி, அந்த விமானம் பெங்களூர்லயே நிக்குதா, எங்கிருந்தாவது வருதா?"

"டில்லியில இருந்து வருது அண்ணே."

"அப்போ டில்லியில பனி பெஞ்சா நமக்கு லேட் ஆவும். முந்தின நாளே போயிடலாம்."

மேரி அக்கா முடியாது என்றார். நானும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அவர் தன் டிக்கெட்டை மட்டும் மாற்றிக்கொண்டு, முதல் நாளே தனியாக மும்பைக்குப் பறந்துவிட்டார். முப்பத்தெட்டு வருடத்தில் கணவனும் மனைவியும் தனித்தனியாகப் பயணம் போனது அதுவே முதல் தடவை.

மறுநாள் டில்லியில் பனி. ஒன்பது மணி விமானம் பதினொன்று ஆயிற்று, பிறகு ஒன்று ஆயிற்று, கடைசியில் மூன்று ஆயிற்று. அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதை என் மனைவி விட்டுவிட்டாள். மேரி அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கடலையே பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முன்வண்டிக்கு போன் செய்தேன். "நீங்களாவது ஏறிக்குங்க அண்ணே. எங்களுக்காக நிக்காதீங்க."

"மேரி சாப்ட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் துறைமுகத்தை அடைந்தபோது மணி ஆறரை. கப்பல் போய்விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே, பெட்டியின் மேல் முன்வண்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஒரு பொட்டலம், அதில் நான்கு வடா பாவ்.

"நான் சொன்னேனே" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

"நீங்க ஏன் ஏறல?" என்றார் மேரி அக்கா.

"கடலைப் பாக்கணும்னு கேட்டது நீ. நான் தனியா போய் இன்னா பண்றது?"

பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். விமானம் தாமதம் என்று தெரிந்த உடனே கப்பல் கம்பெனி கவுண்டருக்குப் போய், நால்வரும் கோவாவில் ஏறிக்கொள்ள அனுமதி எழுதி வாங்கியிருந்தார். அன்று மாலை கோவா பஸ்ஸில் நான்கு இடமும் பிடித்து வைத்திருந்தார். பஸ் கிளம்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. "இப்பவே போனா ஜன்னல் பக்கமா உக்காரலாம்" என்றார்.

மறுநாள் கோவாவில் கப்பலேறினோம். மாலையில் மேரி அக்கா மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலை விட்டு அவர் கண் நகரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த முன்வண்டியிடம், முப்பது வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"ஏன் அண்ணே இப்படி?"

"எங்க கல்யாணத்தன்னிக்கு நான் அரக்கோணத்துல இருந்து வரணும். வழியில வண்டி நின்னுபோச்சு, நாலு மணி நேரம். பாலகாட் மாதா கோயில்ல இவ பட்டுப்புடவையோட உக்காந்துகினு இருந்தா. மாப்பிள்ளை ஓடிட்டான்னு ஜனங்க பேசிகினு இருந்தாங்க. உள்ள நுழையும்போது இவ மூஞ்சியைப் பாத்தேன் தம்பி. வெளுத்துப்போய் இருந்துச்சு. இனிமே இவளை எங்கியும் காக்க வைக்கக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணேன்."

மேரி அக்கா திரும்பினார். அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது.

"அது பசிங்க" என்றார். "பூசையில நன்மை அப்பம் வாங்கணும்னா வெறும் வயிறா இருக்கணும்னு அம்மா காலையில இருந்து ஒரு வாய் காப்பி கூட குடுக்கல. ஊர் பேசினா பேசட்டும். நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

முன்வண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "இத்தினி வருஷமா சொல்லலியே" என்றார்.

"நீங்க கேக்கலியே" என்றார் அக்கா. பிறகு கொஞ்சம் நகர்ந்து, கம்பியோரம் அவருக்கு இடம் விட்டார்.

அதோடு முன்வண்டி திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் மும்பையிலிருந்து ஊர் திரும்பிய அன்று, விமானத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே நாங்கள் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களை விரட்டிக் கிளப்பியவர் மேரி அக்கா. என் பக்கத்து நாற்காலியில் முன்வண்டி தூங்கிக்கொண்டிருந்தார், அவர் தோளில் அக்காவின் தலை சாய்ந்திருந்தது. அந்த ஆறு மணி நேரம் எனக்கு நீளமாகவே தெரியவில்லை.