பரமசிவத்தின் கறிவேப்பிலைத் தொட்டி

நேற்று பதினேழு கொத்து இருந்தது. இன்று காலை எண்ணினால் பதினான்கு. பரமசிவம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். கண்ணாடிமேல் குற்றமில்லை.

வேறு யார் வீட்டுச் செடியாக இருந்தாலும் போகிறது என்று விடலாம். இது ‘கொல்கத்தா தமிழ்த் தோட்டம்’ வாட்ஸ்அப் குழுவின் ஆலோசகர் வீட்டுக் கறிவேப்பிலை. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது சால்ட் லேக் வீட்டு பால்கனியிலிருந்து நூற்று நாற்பது பேருக்குக் குரல் பதிவில் விவசாயம் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் தொட்டியை மேட்டில் வை. குளிர்காலத்தில் தண்ணீரைக் குறை. கடைக்கு ஓடாதே, பறித்த இலை வாடுவதற்குள் சட்டியில் விழவேண்டும். அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து செடியோடு பேசு. இத்தனையையும் அவர் எட்டரை மணிக்கு எழுந்து சொல்வார். சமையல்காரி தாரா காய் நறுக்கும் சத்தம் பதிவில் விழாமலிருக்கக் குரலையும் உயர்த்திக்கொள்வார்.

அந்தக் குழுவில் பெஹாலா மஹாதேவன் என்று ஒருவர். பேங்கில் இருந்தவர், எதற்கும் அத்தாட்சி கேட்பவர். “உங்க கறிவேப்பிலையை நேர்ல பார்க்கணும் சார். செழிப்பா இருந்தா நீங்களே ஆலோசகர். இல்லேன்னா அந்தச் சிரமத்தை நான் ஏத்துக்கறேன்” என்று எல்லோரும் பார்க்க எழுதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வருவதாக ஏற்பாடு. இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

பரமசிவத்துக்கு உள்ளூர பயம். ஓய்வு பெற்ற பிறகு அவர் சொல்வதை யாராவது கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி கல்பனாவிடம் முறையிட்டார்.

“டிசம்பர் குளிருக்கு இலை கொட்டத்தான் செய்யும்னு போன வாரம் நீங்கதானே ஊருக்கெல்லாம் சொன்னீங்க?”

“கொட்டினா கீழே கிடக்கணும்ல? ஒண்ணுகூட இல்லையே.”

“தாரா பெருக்கியிருப்பா. வழியை விடுங்க, பஸ் போயிடும்.”

புளித்த மோர்தான் மருந்து என்று ஒரு செம்பு ஊற்றினார். மறுநாள் கொத்து பன்னிரண்டு. எறும்பு மட்டும் எண்ணிக்கைக்கு அடங்கவில்லை.

அடுத்தது கடுகுப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் கலக்கவேண்டும் என்பது அவரே சொன்ன ஆலோசனை. அவசரம் என்பதால் அப்படியே ஊற்றினார். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, “தாதா, உங்க பால்கனியில ஏதாவது செத்துக் கிடக்கா?” என்று வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்து, மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். கொத்து பதினொன்றாகியிருந்தது.

வெயில் போதவில்லை என்று முடிவு கட்டி, தொட்டியைத் தூக்கிக் கிழக்கு பார்த்த சமையலறை ஜன்னல் மேடையில் வைத்தார். மறுநாள் காலை ஆறுதான் மிச்சம்.

“இது மஹாதேவன் வேலை” என்றார்.

“அவர் பெஹாலாவிலேர்ந்து வந்து, மூணாவது மாடி ஏறி, அஞ்சு கொத்து கிள்ளிட்டுப் போனாராக்கும்” என்றாள் கல்பனா.

சனிக்கிழமை மாலையே ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். ஜன்னல் சட்டத்தில் கொசுவலையும் அடித்தார். இனி ஈகூட நுழையாது என்று நிம்மதியாகத் தூங்கி, ஞாயிறு காலை வழக்கமான அதிகாலை எட்டரைக்கு எழுந்து போய்ப் பார்த்தார். கொக்கி போட்டபடி இருந்தது. வலை அடித்தபடி இருந்தது. உள்ளே தொட்டியில் ஒரு மொட்டைக் குச்சி நின்றது.

பதினோரு மணிக்கு எல்லோரும் வந்து குச்சியைச் சுற்றி நின்றார்கள்.

“கவாத்து” என்றார் பரமசிவம். “குளிர்காலத்துல வெட்டி விட்டாத்தான் வசந்தத்துல கிளைக்கும்.”

“கவாத்துன்னா நுனியைக் கிள்ளுவாங்க” என்றார் மஹாதேவன். “இது திருப்பதிக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கே.”

மஹாதேவனை ஆலோசகராக்கும் ஓட்டெடுப்பு சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. கையைத் தூக்காதவர் பரமசிவம் ஒருவர்தான். கல்பனாகூடத் தூக்கினாள், அவள் குழுவிலேயே இல்லை.

தாரா பரிமாறினாள். ஒன்பது வருஷமாக இந்தச் சமையலறையில் தமிழ் கேட்டுக் கேட்டு, டெல்லியில் இருக்கும் அவர்கள் மகன் நரேனைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். பரமசிவம் தலைகுனிந்து, ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையை வழக்கம்போல் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்.

புதிய ஆலோசகர் மூன்றாவது கரண்டி ரசம் வாங்கிக்கொண்டார். “செடி போனா போகுது சார். இந்த ரசத்துல இருக்கே, இதுதான் கறிவேப்பிலை. லேக் மார்க்கெட்ல இந்த வாசனை கிடையாது. எங்கே வாங்கறீங்க?”

“எனக்கென்ன தெரியும்? தாராவைக் கேளுங்க” என்றார் பரமசிவம் வெறுத்துப்போய்.

“எதுக்கு வாங்கணும்?” என்றாள் தாரா. “பறிச்ச இலை வாடறதுக்குள்ள சட்டியில விழணும்னு தாதா தினமும் கத்தறாரே, மூணு மாசமா அப்படித்தான் போடறேன், இன்னிக்குப் பன்னெண்டு பேராச்சே, அதான் குச்சியை மட்டும் விட்டுவெச்சேன்.”