சம்பந்தி வரவேண்டியதில்லை என்பதற்கான காரணங்கள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அப்படி எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பந்தியம்மாவின் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். மகிழ்ச்சி. நம் இரு வீட்டிலும் இந்த மாதம் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

‘வரட்டுமா?’ என்று நீங்கள் போனில் அனுப்பிய செய்தி கிடைத்தது. மூன்று தடவையும் கிடைத்தது. கல்யாணத்தன்று நீங்கள் மொத்தமே நாலு வாக்கியம் பேசினீர்கள், அதில் இரண்டு ‘சரி’. உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரத்துக்கு அவ்வளவு பேச்சு போதும் போலிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவனுக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல வராது. ஆகவே நீங்கள் ஏன் வரவேண்டியதில்லை என்பதை விளக்கமாக எழுதுகிறேன்.

நம் பேத்தி பதினோரு வாரம் முன்னாடியே பிறந்துவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கிலோ நூற்றிருபது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடக்கிறாள். பெற்றவள் பெட்டியின் பக்கத்து ஓட்டை வழியாகக் கையை விட்டு அந்தப் பாதத்தைத் தொடலாம், அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு பதிவேடு உண்டு. தாய், தகப்பன், துணையாள் ஒருவர். நாலாவது ஆள் உள்ளே போக முடியாது. துணையாள் என்ற இடத்தில், யாரும் கேட்பதற்கு முன்பே, என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டேன். என் மனைவி இருந்திருந்தால் அவள் பெயர்தான் வந்திருக்கும். அவள் போய் ஆறு வருஷமாகிறது, தாயில்லாப் பெண்ணுக்குத் தகப்பன்தானே துணை. முழங்கை வரை கழுவிக்கொண்டு, கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போய், பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, “கண்ணு, தாத்தா வந்திருக்கேன்” என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். குழந்தை இரண்டு கைகளையும் விரித்து உதறியது, தலைமாட்டில் இருந்த மெஷின் கத்தியது, அதைப் பார்த்துப் பக்கத்துப் பெட்டி மெஷினும் கத்தியது, எங்கிருந்தோ மூன்று நர்ஸுகள் ஓடி வந்தார்கள். தலைமை நர்ஸ் என்னைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, “ஐயா, இது பஸ் ஸ்டாண்டு இல்ல” என்றார். என் உத்தியோகம் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று திரும்பிப் பார்த்தேன். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் மகள் என்னை வராந்தாவுக்கு அழைத்துவந்து, “அப்பா, இந்த மாதிரி குழந்தைங்களோட குடும்பத்துக்கு உதவி செய்யறவங்க எங்கயாவது இருப்பாங்க. நீங்க கொஞ்சம் விசாரிச்சுட்டு வாங்களேன்” என்றாள். என்னை நம்பி ஒரு பொறுப்பு ஒப்படைத்திருக்கிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது. கிளம்பினேன்.

தரைத்தளத்தில் குடும்ப உதவிக் கவுன்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ‘இதோ வருகிறேன்’ என்று ஒரு அட்டை. அட்டையின் மேல் தூசி. மூன்றாம் நாள் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார், விவரம் கேட்டார், ஒரு படிவம் கொடுத்தார். முதல் கேள்வியே ‘குழந்தை வீடு திரும்பிய தேதி’. குழந்தை இன்னும் மேலே பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். “தேதி தெரிஞ்சதும் வாங்க ஐயா, நாங்க வீட்டுக்குப் போனவங்களுக்குத்தான்” என்றார். வீட்டுக்குப் போகாவிட்டால் என்று வாயில் வந்துவிட்டது. அவர் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டே, “அதுக்கு வேற கவுன்ட்டர்” என்றார். அவர் மேல் குற்றமில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். அது எந்தக் கவுன்ட்டர் என்று மட்டும் நான் கேட்கவில்லை. இரண்டு மாடிப் படியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

சுவரில் ஒட்டியிருந்த உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பதிவு செய்த குரல் ஒன்று, ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, மறுபடி ஒன்றை அழுத்து என்று நாற்பது நிமிஷம் சுற்றவிட்டது. தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், அந்தக் குரலுக்கு எந்த இடத்தில் மூச்சு விடுவது என்றே தெரியவில்லை. கடைசியில் ஒரு பெண் பேசினாள். நல்ல பெண்தான். “முதல்ல மூச்ச மெல்ல இழுத்து விடுங்க ஐயா” என்றாள். மூச்சுத் தொந்தரவு எனக்கில்லை அம்மா, குழந்தைக்கு என்றேன். டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. லைன் போய்விட்டதா, அவளேதான் வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை.

வெளியாட்கள் கைவிட்டால் சொந்தம் எதற்கு இருக்கிறது என்று நினைத்து, உறவுக்கெல்லாம் சொல்லி அனுப்பினேன். பதினோரு பேர் வந்தார்கள். பால் எடுக்கும் அறையிலிருந்து மகளை வெளியே வரவழைத்தேன். அவள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் உறிஞ்சும் மெஷினோடு உட்கார்ந்து, ஒரு சங்களவு பாலை எடுத்துப் பாட்டிலில் பிடித்து நர்ஸிடம் கொடுக்கிறாள். அதைச் சொட்டுச் சொட்டாக, வாயில் போட்டிருக்கும் இன்னொரு குழாயில் விடுகிறார்கள். ஒருத்தர் அவள் மாடிப்படி ஏறினாளா என்று கேட்டார். ஒருத்தர் வேலைக்குப் போனதுதான் காரணம் என்றார். என் அத்தை மகள், தனக்குத் தெரிந்த ஒரு குழந்தை இதைவிடச் சின்னதாகப் பிறந்தது என்று தொடங்கினாள். ஆகா, ஆறுதல் வரப்போகிறது என்று நானும் காதைக் கொடுத்தேன். அந்தக் கதையை அவள் முடிக்காமல் இருந்திருக்கலாம். மகள் எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை கிடங்கில் வேலை முடிந்து, அழுக்குச் சட்டையோடு வந்தவர், யார் இவர்களைக் கூப்பிட்டது என்று கேட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

புதன்கிழமை மூன்றாவது மாடியில், உடைந்த கட்டில்களைப் போட்டுவைக்கும் அறையில், இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் கூடுகிறார்கள் என்று துப்புரவுப் பணியாளர் ஒருவர் சொன்னார். போனேன். ஐந்து பேர். நடத்துபவர் லாரி ஓட்டுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மகள் இங்கே பெட்டியில் இருந்தாளாம். நான் சேகரித்த துண்டுப் பிரசுரங்களோடு எழுந்து நின்று, கவுன்ட்டர், உதவி எண், சொந்தம் மூன்றைப் பற்றியும் கால் மணி நேரம் விளக்கினேன். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு, “அதெல்லாம் சரிங்க ஐயா. நீங்க எப்படி இருக்கீங்க?” என்றார்.

சம்பந்தி, மூன்று வாரத்தில் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மழையிலும் கலவரத்திலும் மின்சாரம் போன நாட்களிலும் ஒலித்த குரல் வரவே இல்லை. பக்கத்தில் இருந்த சலவைக்காரப் பெண், இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை இங்கேயே பறிகொடுத்தவள், தன் துண்டை எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு நடந்ததை உங்களுக்கு எழுத வேண்டிய அவசியமில்லை. நாற்காலிகள் படுமோசம் என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

கலைந்து போகும்போது, உங்களுக்கு யார் உதவினார்கள் என்று லாரிக்காரரைக் கேட்டேன். “என் மச்சான் வந்தான். ஒண்ணும் கேக்கல. பால் பாட்டில கழுவி வச்சான், வாசல்ல உக்காந்தான். ரெண்டு மாசம்” என்றார்.

இதென்ன பிரமாதம் என்று மறுநாள் காலை பாட்டில் கழுவப் போனேன். பால் எடுக்கும் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மகள் மாப்பிள்ளையிடம், “இன்னிக்கு அப்பாவ எங்க அனுப்பறது?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பாவம்” என்றார். அவளைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை புரியவில்லை. ஆக, நான் தெருத்தெருவாகத் தேடிய உதவி என்னவென்றால், நான் அங்கே இல்லாமல் இருப்பதுதான். அதை முதல் நாளே செய்திருக்கலாம், செருப்பாவது மிஞ்சியிருக்கும்.

இத்தனையையும் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு கிழவனையே எங்கே அனுப்புவது என்று தெரியாமல் அவர்கள் தவிக்கிறார்கள். இன்னொரு கிழவனும் வந்து சேர்ந்தால் இந்த ஊரில் அவ்வளவு அலுவலகங்கள் இல்லை. எனவே தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டியதில்லை. சம்பந்தியம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கள் இல்லத்தில் எல்லாருக்கும் என் அன்பு. பேத்திக்குப் பேர் வைத்ததும் தெரிவிக்கிறேன். இன்னும் யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. ஏழு பக்கத்தையும் கிழிக்க மனம் வராததால், மாப்பிள்ளை படமெடுத்துப் போனில் அனுப்புகிறார். அவர் படித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. இன்று காலை பேத்தியின் மூக்குக்குழாயை எடுத்துவிட்டார்கள். அவளாகவே மூச்சு விடுகிறாள், நடுநடுவே மறந்துபோகிறாள், நர்ஸ் காலைத் தட்டி ஞாபகப்படுத்துகிறார். நான் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “நாங்க தூங்கற நேரத்துல உள்ள யாராவது அவ பக்கத்துல இருக்கணும்ப்பா. மாமாவ வரச் சொல்லட்டுமா? அவர் பேச மாட்டார்” என்றாள். எழுந்துபோய், பதிவேட்டில் என் பெயரை நானே அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினேன். மூன்று வருஷமாகச் சம்பந்தியாக இருந்தும் உங்கள் இனிஷியல் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சீக்கிரம் வந்து நிரப்புங்கள்.