நீலத் தார்ப்பாய்களை மடித்து வைக்கும்படி ஒரு வேண்டுகோள்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவர் எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் வராது. என் போனை நீங்கள் எடுத்து ஒரு மாதம் ஆகிறது. நீங்கள் இருக்கிறீர்கள் என்பதையே மகளின் அலுவலகத்துப் படத்தில்தான் பார்த்துக்கொள்கிறோம்.

பாடம் நடத்துகிறேன் என்று கோபிக்காதீர்கள். வாத்தியார் வேலைதான் ஓய்வு பெற்றது, வாய் பெறவில்லை. உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் பனியாற்றைச் செயற்கைக்கோள் படங்களில் அளப்பது என் மகளின் வேலை. போன வருடப் படத்தில் பனியின் ஓரத்தைக் கோடிழுப்பாள், இந்த வருடப் படத்திலும் இழுப்பாள், ஒன்றின் மேல் ஒன்றை வைப்பாள். நோயாளியை எடை பார்ப்பது போலத்தான். எடை இறங்கிக்கொண்டே போகிறது. உருகியதெல்லாம் அடியில் ஏரியாக நிற்கிறது. அந்த ஏரிக்குக் கரை, பனியாறு தள்ளிவந்து போட்ட கல்லும் மண்ணும்தான்; அது உடைந்தால் தண்ணீர் முழுக்க உங்கள் பள்ளத்தாக்கில்தான் இறங்கும். "தினம் ஜன்னல்ல பாக்கறேன் அத்தான், மலை வெள்ளையாத்தானே இருக்கு?" என்றீர்கள். அது நேற்றுப் பெய்த பனி. வழுக்கைத் தலையில் துண்டு கட்டினால் முடி முளைத்துவிட்டது என்றா அர்த்தம்?

புரியட்டும் என்றுதான் மகள் உங்களுக்குப் படத்தை அனுப்பினாள். அதில் வந்தது வினை. உங்கள் மாடி வீடு கடுகளவு தெரிந்தது. "ஊரே அண்ணாந்து பாக்கற வீடு! மேல இருந்து பாக்கறவனுக்கு மட்டும் கடுகா?" என்று கத்தினீர்கள். மறுநாளே, வாடகைக்கு விடும் நீலத் தார்ப்பாய் அத்தனையையும் கிடங்கிலிருந்து இழுத்து வந்து, வானத்துக்கு வசதியைக் காட்ட வீட்டைச் சுற்றி விரித்தீர்கள். மகளின் கம்ப்யூட்டரோ தண்ணீர் என்று தோன்றும் இடத்துக்கெல்லாம் நீலம் பூசும். உங்கள் முற்றத்தில் புது ஏரி வந்துவிட்டது என்று அது பூச, எச்சரிக்கை போக, சங்கு அலற, பள்ளத்தாக்கே கொட்டும் மழையில் மேட்டுக்கு ஓட, கம்பவுண்டர் கால் ஒடிய, தபால்காரர் மாமியாரை மறந்துவிட்டு ஓட (மறக்கவில்லை என்றும் ஒரு பேச்சு இருக்கிறது), நனைந்த ஜனம் திரும்பி வந்து பார்த்தால் நீங்கள் தார்ப்பாயின் நடுவே குடை பிடித்துக்கொண்டு டீ குடிக்கிறீர்கள்!

மகள் கெஞ்சியும் மறுபடி விரித்தீர்கள். மறுபடி சங்கு. இந்த முறை ஒருவரும் ஓடவில்லை. "அந்த இடத்துல நீலம் வந்தா தார்ப்பாய்க்காரர் வேலைன்னு விட்டுடுங்க" என்று மேலதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். எங்கள் பள்ளியில் தினமும் வயிற்றுவலி என்று சொல்லும் பையன் ஒருவன் இருந்தான். குடல்வால் வெடித்த அன்றைக்கும் கணக்கு வாத்தியார் "உக்கார்றா" என்றுதான் சொன்னார்.

ஆகவே தயவுசெய்து தார்ப்பாய்களை மடித்து வையுங்கள். அடுத்த படத்தில் அங்கே மண் தெரிந்தால் உத்தரவை விலக்கிக்கொள்வதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். அதுவரை உங்கள் பள்ளத்தாக்கைக் காக்கக் கண் இல்லை. "என் தம்பி ரோஷக்காரன், கொஞ்சம் தணிஞ்சே எழுதுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் அக்கா சொல்கிறாள். இது தணிந்து எழுதியதுதான்.

நீங்களும் மனைவி மக்களும், மேட்டில் ஏதாவது ஒரு வீட்டில், நூறாண்டு வாழ எங்கள் ஆசி.

அன்புடன்,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். இன்றைய படத்திலும் உங்கள் முற்றம் நீலமாம். "மாமா திருந்தலையா?" என்று அலுவலகமே சிரித்ததாம். அவள் சிரிக்கவில்லை. நீலம் முற்றத்தோடு நிற்காமல், பாலத்தைத் தாண்டி, சந்தை வரைக்கும் போகிறது. மேலே ஏரி இருந்த இடத்தில் வெறும் சேறு. நான் எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். விரித்தது நீங்கள்தான், அவ்வளவு தார்ப்பாய் உங்களிடம் உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள். அக்கா விடாமல் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். கோபமாக இருந்தால் எடுக்க வேண்டாம். மணியாவது அடிக்கட்டும்.