மாப்பிள்ளை ஊர்வலமும் என் இடது சிக்னலும்

வீட்டில் எது கெட்டாலும் அதை வெளியே கொடுத்துப் பழுதுபார்ப்பதைத் தோல்வியாக நினைக்கும் ஆண்கள் உண்டு. நான் அந்தக் கட்சி. மிக்சி, தண்ணீர் மோட்டார், பக்கத்து வீட்டு கேட் வரைக்கும் கைவைத்தவன். (மிக்சி இப்போது எங்களிடம் இல்லை.)

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபிசில் நான் கிராணி, கணக்கு எழுதுபவன். சில ஆண்டுகளுக்கு முன் ஆசைப்பட்டு ஒரு பழைய ஆங்கிலேயக் கார் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். அறுபது வயது தாண்டிய காரைக் குறைசொல்வது நியாயமில்லை. அதற்கு இரண்டு நோய்கள். கார் நேராகப் போகும்போது ஸ்டேரிங் கோணலாக நிற்கும். அடுத்தது சிக்னல். திரும்பி முடித்து ஸ்டேரிங் நேரானதும் அது தானாக அணைய வேண்டும் அல்லவா? வலது சிக்னல் திரும்பி முடிக்கும் முன்பே அணைந்துவிடும். இடது சிக்னல் அணையவே அணையாது.

இந்த நிலையில் என் அக்கா மகள் யாழினிக்குச் சுங்கை ஆயர் தாவார் கோயிலில் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் ஜொகூர்க்காரர்கள். முதல் நாளே வந்து கோல சிலாங்கூரில் தங்குவதாக ஏற்பாடு.

“மாப்பிள்ளைய நானே என் கார்ல கூட்டிட்டு வர்றேன்,” என்று தாய்மாமன் தோரணையில் அறிவித்தேன்.

“அப்ப வொர்க்‌ஷாப்புல குடுங்க. அரை நாள்ல முடிச்சிருவாங்க,” என்றாள் என் மனைவி கலா.

“ஒரு நட்டக் கழட்டி மாட்டுறதுக்கு எதுக்கு வொர்க்‌ஷாப்பு?”

இரண்டு இரவு யூடியூப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஸ்டேரிங் நட்டைக் கழற்றிவிட்டு, வட்டத்தைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். அது வரவில்லை. இன்னும் இழுத்தேன். வந்தது, நேராக என் உதட்டுக்கு. நட்டை முழுதாகக் கழற்றாமல் நுனியில் விட்டுவைக்க வேண்டுமாம். வீடியோவில் அந்த இடத்தை நான் வேகமாக ஓட்டிவிட்டிருந்தேன்.

வீங்கிய உதட்டோடு வட்டத்தை நேராகத் திருப்பி மாட்டினேன். முதல் நோய் குணம். சிக்னலைக் கையால் அணைத்துக்கொள்ளலாம் என்று இரண்டாவதையும் முடித்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை காரைப் பூவால் மூடிவிட்டார்கள். சிக்னல் போட்டால் எனக்கு எதிரே டேஷ்போர்டில் மினுக்கும் குட்டி விளக்குக்கு மேலேயும் ஒரு மல்லிகைச் சரம். பின்சீட்டில் மாப்பிள்ளை தினேஷும் அவருடைய தோழனும். பின்னால் சம்பந்தியின் கார், அதன் பின்னால் உறவினர்களின் கார்கள், கடைசியில் ஒரு வேன்.

“எங்களுக்கு இந்தப் பக்கம் ரோடு பழக்கமில்ல,” என்றார் சம்பந்தி.

“கவலைய விடுங்க. என் சிக்னலப் பாத்து வந்தா போதும்.”

இதை நான்தான் சொன்னேன். சாட்சிகள் இருக்கிறார்கள்.

நாதஸ்வரப் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு கிளம்பினோம். சுங்கை பெசார் தாண்டி, தோழன் அவசரம் என்றதால் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்தோம். திரும்ப ரோட்டில் ஏற இடது சிக்னல் போட்டேன். கொஞ்ச தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எனக்கும் சம்பந்திக்கும் நடுவில் புகுந்தது. நான் நேராகப் போய்க்கொண்டே இருந்தேன்.

கோயில் வாசலில் மேளம் கொட்டியது. அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளை இறங்கினார், தோழன் இறங்கினான். அப்புறம் யாரும் இறங்கவில்லை. பின்னால் ஒரு காரையும் காணோம்.

“சம்பந்தி எங்கடா?” என்றாள் அக்கா.

“பின்னால வர்றாங்க.”

“பின்னால மாடுதான்டா வருது.”

“தாலி யார்கிட்ட இருக்கு?” என்று கலா கேட்டாள்.

“அம்மா ஹேண்ட்பேக்ல,” என்றார் மாப்பிள்ளை, மெதுவாக.

அப்போது என் போன் அடித்தது. சம்பந்தி.

“தம்பி, நாங்க கடல்கிட்ட நிக்கிறோம். மீன்புடி போட்டு நெறைய இருக்கு. கோயில்தான் தெரியல.”

பாகான் நக்கோடா ஓமார். மீன்பிடிக் கிராமம். அங்கே பிரியும் சிம்பாங் வருவதற்குச் சற்று முன் என் இடது சிக்னலைப் பார்த்திருக்கிறார். பிறகு லோரி என்னை மறைத்துவிட்டது. என் வார்த்தையை நம்பி அவர் இடது பக்கம் திரும்ப, அவரை நம்பி வேன் வரைக்கும் எல்லாரும் திரும்பியிருக்கிறார்கள்.

கலா காரின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “இன்னும் மினுக்கிக்கிட்டுத்தான் இருக்கு.”

மணமேடையில் யாழினி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முகூர்த்தம் முடிய அதிக நேரம் இல்லை. பூ அலங்காரம் காற்றில் பிய்ந்து பறக்கக் காரைத் திருப்பி விரட்டினேன். படகுத்துறைப் பக்கம் பட்டு வேட்டிகள் கூடி அந்த வேனைத் திருப்பிக்கொண்டிருந்தன. காய்ந்துகொண்டிருந்த கருவாட்டுக்கு நடுவே சம்பந்தியம்மா ஹேண்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

“வாங்க, நான் முன்னால போறேன்,” என்றேன்.

“வேணாம் தம்பி,” என்றார் சம்பந்தி, மிகுந்த மரியாதையோடு. “நீங்க கடைசியா வாங்க. நான் போனப் பாத்து ஓட்டிக்கிறேன்.”

தாய்மாமன் வேனுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தான். ஐயர் மந்திரத்தை இழுத்து இழுத்துச் சொல்லித் தாக்குப்பிடித்திருந்தார். முகூர்த்தம் முடியும் தறுவாயில் தாலி ஏறியது. நான் தூணுக்குப் பின்னால் நின்று அட்சதை போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காருக்கு அடியில் படுத்தேன்.

“மறுபடியுமா?” என்றாள் கலா.

“இந்தத் தடவ முடிக்காம எந்திரிக்க மாட்டேன்.”

இம்முறை வீடியோவை எங்கேயும் வேகமாக ஓட்டவில்லை. அப்போதுதான் புரிந்தது, என் காருக்கு இரண்டு நோய் இல்லை, ஒன்றுதான். ஸ்டேரிங் தண்டில் ஒரு சின்ன முளை இருக்கிறது. தண்டு நேராகத் திரும்பி வரும்போது அதுதான் சிக்னலைத் தட்டி அணைக்கிறது. முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரண்டு கம்பிகளும் சரியான அளவில் இல்லாததால், சக்கரம் நேராக இருக்கும்போது தண்டு கோணலாக நின்றது, முளையும் இடம் மாறி நின்றது. நான் வட்டத்தை மட்டும் கழற்றி நேராக மாட்டியது காய்ச்சல்காரனுக்குத் தலைவாரிவிட்டது மாதிரி.

தண்டை நடுவில் நிறுத்தினேன். ஒரு கம்பியைக் குறுக்கி, மற்றதை அதே அளவு நீட்டினேன். காரின் இரண்டு பக்கமும் நூல் கட்டிச் சக்கரத்தை அளந்தேன். தப்பு. மறுபடி அளந்தேன். மழை வந்தது, தார்ப்பாய் கட்டிக்கொண்டு தொடர்ந்தேன். ஞாயிறு சாயங்காலம் கலாவை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ரோட்டில் இடது பக்கம் திரும்பினேன். ஸ்டேரிங் நேரானது. ‘டக்’ என்று சிக்னல் அணைந்தது. அவள் கேட்பதற்காக இன்னும் பல முறை திரும்பினேன், அவள் தலை சுற்றுகிறது என்று சொல்லும் வரை.

இப்போது அந்தக் காரில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் குடும்பத்தில் யாரும் அதை நம்பத் தயாராக இல்லை. போன தீபாவளிக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சர்க்கரை ஏறிவிட்டதால் இனிமேல் இனிப்பைத் தொடப்போவதில்லை என்று அறிவித்தேன்.

யாழினி லட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தாள். “சாப்பிடுங்க மாமா,” என்றாள். “சிக்னல் மட்டுந்தானே போட்டிருக்கீங்க.”