சத்தமில்லாமல் ஒரு துண்டு கேக்

"என்னங்க, எங்க கிளம்பியாச்சு?"

ஏரிக்கரையில் கட்டியிருந்த படகின் டீசல் இஞ்சின் ரெண்டு உறுமல் உறுமியதுதான் தாமதம், பல் டாக்டரின் போனில் மனைவியின் குரல். சாயந்திரம் நடக்கப் போனவளுக்கு இது எப்படித்தான் கேட்டுத் தொலைக்கிறதோ! பாம்புக் காது.

"சும்மா, இஞ்சினைத் துடைச்சேன்."

"எதிர்க்கரை பேக்கரிக்குத்தானே? நம்ம ரெண்டு பேருக்குமே சர்க்கரை எகிறிக் கிடக்கு. நான் வாயைக் கட்டலையா? இன்னொரு தடவை கிளம்புங்க, படகையே வித்துடறேன்."

படகு போனால் கேக் போச்சு. கேக்கும் போனால் அப்புறம் என்ன வாழ்க்கை? டாக்டர் அடித்துப் பிடித்துப் படகு மெக்கானிக்கிடம் ஓடினார்.

"மூச்சுச் சத்தம்கூட வராம பேட்டரி மோட்டார் மாட்டு."

"ஹைபிரிட்டா மாட்டிக்குங்க சார். சார்ஜ் தீர்ந்தா டீசல் கைகொடுக்கும்."

"டீசல் பேச்சையே எடுக்காதே!"

மறுவாரம் மனைவி நடக்கப் போனதும் படகு பூனை மாதிரி நழுவியது. போன் அடிக்கவேயில்லை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குஷியில், ஏரி நடுவே துடுப்புப் படகில் தூண்டில் போட்டிருந்தவர் மேல் கொண்டுபோய் மோதினார்.

"யோவ்! ஒரு சத்தம் கொடுத்துட்டு வரமாட்டியா?"

"சத்தம் வரக்கூடாதுன்னுதானே மோட்டாரையே மாத்தினேன்!"

தூண்டில்காரர் போட்ட கூச்சலில் கரையிலிருந்தவர்கள் திரும்பினார்கள். "அட, நம்ம பல் டாக்டர்!"

விஷயம் மனைவி காதுக்குப் போய்விடுமே! தப்பித்தால் போதுமென்று டாக்டர் முழு வேகத்தில் முறுக்கினார். படகு பிய்த்துக்கொண்டு பறந்தது. கொஞ்ச தூரத்தில் பேட்டரி மொத்தமும் தீர்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

தூண்டில்காரர் சாவகாசமாகத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார். "என்ன சார், வேகம் அடங்கிடுச்சா?"

"அண்ணே, புண்ணியமாப் போகும், கயிறு கட்டி இழுத்துடுங்க."

"வீட்டுக்கா?"

வீட்டுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். நாக்கு கேட்டால்தானே?

"பேக்கரிக்கு."

கரையில் இறங்கி, நாக்கில் எச்சில் ஊற உள்ளே நுழைந்த டாக்டர் சிலையாக நின்றார். மூலை மேசையில் மனைவி. எதிரே பாதி தின்ற சாக்லேட் கேக், மூக்கு நுனியில் க்ரீம்.

பேக்கரிக்காரர் பதறிப்போனார்:

"என்னக்கா இது? சார் படகுச் சத்தம் கேட்டாலே இங்கேயிருந்து போனைப் போட்டு அவரை விரட்டிடுவீங்களே, இன்னிக்கு எப்படிக் கோட்டை விட்டீங்க?"